கழுவிய கேசட்

அப்பு,

நேற்று மாதா கோயிலில் உன் கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். உன் பெயர், அந்தப் பிள்ளையின் பெயர், பெற்றவர்கள் பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டென்று தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் வழக்கம்போல முடித்தார். அந்தக் கோயிலுக்கு மைக்செட் மாட்டிக் கொடுத்தவன் நான். அதனால் ஓலை வாசிக்கும்போது வார்த்தை என் காதில் விழுவதே இல்லை. இரைச்சல் இருக்கிறதா, பின்வரிசை வரைக்கும் கேட்கிறதா என்றுதான் காது போகும். நேற்று வார்த்தை விழுந்தது. உன் கல்யாணத்துக்குத் தடை என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை எட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். பூசை முடிகிறவரை இருப்புக்கொள்ளவில்லை. "என்ன, எறும்பு கடிச்ச மாதிரி நெளியுறீங்க?" என்று உன் அம்மா அதட்டினாள்.

பத்திரிகை வைக்க வேண்டிய சிநேகிதர்களின் பட்டியலை நீ மெயிலில் அனுப்பியிருந்தாய். உன் அம்மா பிரவுசிங் சென்டருக்குப் போய் பிரிண்ட் எடுத்து வந்தாள். நாற்பத்தொரு பெயர். பெங்களூரில் உன்னோடு வேலை பார்க்கிறவர்கள், காலேஜில் கூடப் படித்தவர்கள், இப்போது உன்னோடு சேர்ந்து கிட்டார், டிரம்ஸ் வாசிக்கிற மூன்று பேர். ஒன்றாம் வகுப்பில் உன் பென்சிலைக் கடித்துத் துப்பியவன் பெயர்கூட இருந்தது. செம்பட்டி பாண்டியின் பெயர் மட்டும் இல்லை. விரலை வைத்து மூன்று தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ஏழு வருஷம் நம் வீட்டில் சாப்பிட்டவன் அவன். நீ இரண்டு இட்லி சாப்பிட்டால் அவன் ஆறு சாப்பிடுவான். அந்தப் பெயர் ஏன் விட்டுப்போனது என்று உனக்கு ஒரு காரணம் தெரியும். அந்தக் காரணம் தப்பு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊருக்கே கேட்கிற மாதிரி குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவனுக்கு இந்த ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல நாக்கு எழவில்லை, சிரிக்காதே.

முதலில் நீ போட்ட பாட்டு சி.டி.யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ கூரியரில் அனுப்பிய மறுநாளே அது வந்துசேர்ந்தது என்று சொல்லியிருந்தேன். உண்மைதான். வந்துசேர்ந்து பதினோரு நாள் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. நீ போனில் "கேட்டீங்களாப்பா?" என்று கேட்டபோது, "கேட்டேன்ப்பா, நல்லாருக்கு" என்று சொன்னேனே, அது பொய். அட்டையை மட்டும் பார்த்திருந்தேன். கருத்த வானம், வெடித்துக் கிடக்கிற காடு, ஓரத்தில் ஒற்றைப் பனை. செம்பட்டி ரோட்டில் எடுத்த படம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பெயர் இங்கிலீஷில் ஏதோ சுருள் சுருளாக முள்வேலி மாதிரி எழுதியிருந்தது, உன் அம்மாதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மெலடிக் பிளாக் மெட்டல் என்று நீ பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற, கிட்டாரும் கத்தலுமான அதே சங்கதி. எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு, "பய கம்ப்யூட்டர்ல ஏதோ பாட்டு செஞ்சிருக்கான்" என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு அதில் துளிகூட நம்பிக்கை இல்லை. ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டால் பெற்ற கடமை தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். அந்த ஒன்றுக்கும் மனசு வரவில்லை.

ஏன் அப்படி நினைத்தேன் என்றால், என் பிழைப்பு அப்படி. நீ பிறந்த வருஷம் மைக்செட் கடை வைத்தேன். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது பக்கத்து அறையில் ரெக்கார்டிங் சென்டர் போட்டேன். ஜனங்கள் ஒரு தாளில் இருபது பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள், காலி கேசட்டில் அதைப் பதிந்து கொடுப்பேன். திண்டுக்கல்லில் அப்போது எத்தனையோ கடை இருந்தது. என் கடைக்கு ஏன் வந்தார்கள் தெரியுமா? நான் கழுவிக் கொடுப்பேன். பழைய ரிக்கார்டில் கரகரப்பு இருக்கும், பேச்சு பதிந்த கேசட்டில் ஃபேன் சத்தம் இருக்கும். ஈக்வலைசரில் இங்கே இறக்கி அங்கே ஏற்றி, கரகரப்பை எடுத்துவிட்டுத் தெளிவாகப் பதிந்து தருவேன். அதற்குத்தான் கழுவுறது என்று நான் பெயர் வைத்திருந்தேன். "அண்ணே, கழுவிக் குடுங்கண்ணே" என்று பழனியிலிருந்துகூட வருவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் கைக்குத் தெரியாது. பத்தாவது லீவில் நீ முதல் முதலாக கிட்டார் வாங்கிவந்து கம்பிகளைத் தளர்த்தி வைத்திருந்தாய். உனக்குக் கட்டத் தெரியவில்லை என்று நினைத்து, நீ குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் முறுக்கி ஏற்றிவைத்தேன். நீ வந்து எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாய், கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது. அந்த மாதிரிப் பாட்டுக்குக் கம்பியை இறக்கித்தான் கட்டுவார்கள் என்று நீ அழுதுகொண்டே சொன்னாய். "உங்கப்பாவுக்குக் கை ஊறிக்கிட்டே இருக்கும்" என்று சொல்லி உன் அம்மா மஞ்சள் வைத்துவிட்டாள். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நீயும் பாண்டியும் காலேஜ் முடிக்கிற வருஷம் அந்த முதல் கேசட்டைச் செய்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கடையின் பின்னறையில் நீ கிட்டார், அவன் டிரம்ஸ். தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி வாசிப்பான். நீ தொண்டை கிழியக் கத்துவாய். உன் அம்மா சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போய்விடுவாள். யாரிடமோ இரவல் வாங்கிய மெஷினில் பதிந்து, எதை எவ்வளவு ஏற்றுவது, எதை இறக்குவது என்று மாசக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துச் சேர்த்தவன் பாண்டி. கடைசியில் மாஸ்டர் கேசட்டை என்னிடம் கொண்டுவந்து, "அப்பா, நூறு காப்பி போட்டுக் குடுங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினான். அந்தச் சமயம் நீ பெங்களூருக்கு இண்டர்வியூ போயிருந்தாய்.

போட்டுக் கேட்டேன். ஒரே இரைச்சல். கிட்டார் எல்லாம் ரம்பம் அறுக்கிற மாதிரி, மேலே புகை மூட்டமாக ஒரு சீற்றம். அடப்பாவிகளா, இம்புட்டு நாள் உழைத்து இப்படிப் பாழ்பண்ணி வைத்திருக்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுவினேன். இரண்டு நாள் கடைக்கு வந்த வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து கழுவினேன். சீற்றத்தை இறக்கினேன், கரகரப்பை எடுத்தேன், பேஸை ஏற்றினேன், உன் கத்தலைக்கூட முடிந்த மட்டும் மழுங்கவைத்தேன். அந்தக் கழுவிய கேசட்டிலிருந்துதான் நூறு காப்பியும் போட்டேன். லேபிளில் உங்கள் பெயர்களை நானே கையால் எழுதி ஒட்டினேன். மாஸ்டரையும் நூறு காப்பியையும் பாண்டியிடம் கொடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் கூச்சப்படுவீர்கள், நன்றாக வந்திருக்கிறதே என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மகனுக்குச் செய்கிற நல்லது என்றுதான் செய்தேன், சத்தியமாக.

நீங்கள் இருந்த அவசரத்தில் போட்டுக்கூடக் கேட்காமல் அந்த நூறையும் எங்கெங்கோ தபாலில் அனுப்பினீர்கள். பதில் வந்தது. போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது, உயிரே இல்லை என்று ஒருவர் விடாமல் எழுதியிருந்தார்கள். நீ அந்தக் கடிதங்களை அள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாய். பாண்டியும் இருந்தான். நான் மேசையில் ஒரு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். "ஏலே, என்னடா மிக்ஸ் பண்ணித் தொலச்ச? எல்லாம் ஒன்னாலதான் போச்சு" என்று நீ கத்தினாய். பாண்டி அந்தக் கடிதங்களில் ஒன்றைப் படித்தான். ஒரு கேசட்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினான். அதை மேசையில் வைத்துவிட்டு, "என் தப்புதான்டா" என்றான். நீ இன்னும் என்னென்னவோ சொன்னாய். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் நம் வீட்டில் சாப்பிடவில்லை. நீ நாலு வருஷம் கிட்டாரைத் தொடவில்லை.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அப்பு. போர்வை என்று அவர்கள் எழுதியது நான் போட்ட போர்வை என்று பாதி புரிந்தது. ஒரு வாய் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. ஊரெல்லாம் என் காதை மெச்சுகிற நேரத்தில், மகனின் பாட்டை நானே கெடுத்தேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும், போகட்டும், இந்தக் கூத்து இதோடு முடிந்தது, எல்லாம் நல்லதற்குத்தான் என்றும் மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்படித் தேற்றிக்கொண்டதற்குத்தான் இப்போது அதிகமாக வெட்கப்படுகிறேன்.

சி.டி.யைப் பன்னிரண்டாவது நாள் மத்தியானம் போட்டேன். வீட்டில் இருக்கிற சின்னப் பெட்டியில் இல்லை, கடையில் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய பாக்ஸில் போட்டேன். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நின்றுகொண்டேதான் கேட்டேன். முதல் பாட்டு ஆரம்பித்த மாத்திரத்தில் அதே சீற்றம், அதே ரம்பம். என் கை தானாக ஈக்வலைசருக்குப் போனது. வாசலில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கைய எடுங்க" என்றாள். எடுத்தேன். எல்லாக் குமிழையும் நடுக்கோட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முப்பது வருஷத் தொழிலில் அப்படி நான் நின்றதே இல்லை.

முதல் பாட்டு முடிகிறவரை பல்லைக் கடித்தேன். இரண்டாவதில் உட்கார்ந்தேன். மூன்றாவதில்தான் ஒன்று உறைத்தது. அந்த இரைச்சல் தப்பாக வந்தது இல்லை, வேண்டுமென்றே போட்டது. அந்தச் சீற்றத்துக்குப் பின்னால் ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்கிறது. காது அதைத் தேடிப் போகும்போதுதான் கிடைக்கிறது. கிடைத்த பிறகு விடமாட்டேன் என்கிறது. சீற்றத்தை எடுத்துவிட்டால் மெட்டும் செத்துப்போகும். நாலாவது பாட்டு வந்தது. இரண்டு கிட்டாரும் சேர்ந்து மெதுவாக ஒரு இறக்கம் இறங்கின. உன் அம்மா கொத்தமல்லியோடு எழுந்து உள்ளே வந்தாள். "ஏங்க, இது தவக்காலத்துல நாங்க பாடுற ஒப்பாரி மாதிரில்ல போகுது" என்றாள். பெரிய வெள்ளிக்கிழமை ஆர்மோனியம் இல்லாமல், மணி அடிக்காமல், பொம்பளைகள் மட்டும் உட்கார்ந்து மாதாவின் துக்கத்தைப் பாடுவார்களே, அந்த இழுப்பு. நீ சின்னப் பிள்ளையில் அவள் மடியில் தூங்கிக்கொண்டே கேட்டது. எங்கே கொண்டுபோய் எதில் வைத்திருக்கிறாய்! அவள் நின்றுகொண்டே அழுதாள். அழுதுகொண்டே, "அந்தக் கத்துறத மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லுங்க" என்றும் சொன்னாள். எட்டுப் பாட்டையும் கேட்டோம். திரும்ப ஒரு தடவை போட்டோம். மத்தியானச் சோறு அன்றைக்கு நாலு மணிக்கு.

நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? எதிர்பார்க்காதவனுக்கு இவ்வளவு கொடுத்தாய். என் காதில் இன்னும் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது என்று அறுபது வயதில் காட்டினாய். ஒரு தடவை கெட்டுப்போன பிறகும் நீ திரும்ப எடுத்துச் செய்தாயே, செய்ததை எனக்கும் அனுப்பினாயே, அதற்கு உனக்கு நன்றி சொல்கிறேன். அப்பன் மகனுக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம் பக்கம் கிடையாது. நான் சொல்கிறேன், வாங்கிக்கொள்.

அந்த மத்தியானமே எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. அந்த முதல் கேசட்டிலும் இதே சீற்றம் இருந்தது, அதற்குப் பின்னாலும் ஏதோ மெட்டு இருந்திருக்கும். பாண்டி அதைச் சரியாகத்தான் வைத்திருந்தான். நான் துடைத்து எறிந்துவிட்டேன். புரிந்தும் ஒரு மாசம் இழுத்தடித்தேன். நேற்று ஓலை வாசித்த பிறகு முடியவில்லை. இன்று காலை பஸ் ஏறி செம்பட்டிக்குப் போனேன்.

பாண்டி அங்கே ஜங்ஷனுக்குப் பக்கத்தில் தோட்டத்துக்கு வேண்டிய பைப், மோட்டார் விற்கிற கடை வைத்திருக்கிறான். உடம்பு போட்டிருக்கிறான், முன்தலையில் முடி கொட்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து ஓடிவந்தான். "வாங்கப்பா, வாங்க. என்ன இம்புட்டுத் தூரம்? போன் பண்ணிருந்தா நானே வந்திருப்பேன்ல" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உன் சி.டி.யை எடுத்து நீட்டினேன். அட்டையில் அந்தப் பனையைப் பார்த்தான். பின்பக்கம் திருப்பிப் பெயர்களைப் படித்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இதையும் கழுவிட்டீங்களாப்பா?" என்றான்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "ஒனக்கு எப்படா தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும்ப்பா. மாஸ்டர் எங்கிட்டதான இருந்துச்சு. போர்வைன்னு எழுதியிருந்ததப் படிச்சதுமே ஊகிச்சுட்டேன். வீட்டுக்குப் போயி நீங்க குடுத்த காப்பியப் போட்டேன், அப்பறம் மாஸ்டரப் போட்டேன். கேட்டா தெரியாதா?"

"பெறகு எதுக்குடா என் தப்புன்னு சொன்ன?"

அவன் பைப் கட்டு ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான். "நீங்க ரெண்டு நாளு கடைய விட்டுட்டு உக்காந்து செஞ்சிருக்கீங்க. லேபிளு அம்புட்டையும் கையால எழுதியிருந்தீங்க. நான் சொல்லிருந்தா அவன் ஒங்களப் புடிச்சிருப்பான். சிநேகிதன்னா சண்ட போட்டுட்டுப் போயிருவான். அப்பனோட என்ன பண்ணுவான்? ஒரே வீட்லதான சோறு திங்கணும்" என்றான். "அன்னைக்கு நீங்க ஒரே ஒயர மூணு தடவ பத்தவச்சத நான் பாத்தேன்ப்பா" என்றும் சொன்னான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அப்பு. கடைக்கு வந்த ஆட்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். மன்னிப்பு என்று நான் கேட்க வாயெடுத்ததும், "சும்மா இருங்கப்பா, யாவாரம் கெட்டுப்போகும்" என்று கையை உதறினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. கடையில் இருந்த சின்ன செட்டில் சி.டி.யைப் போட்டான். நாலாவது பாட்டை இரண்டு தடவை கேட்டான். விரல் ஸ்டூல் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. "டிரம்ஸ் வாசிக்கிறவன் நல்லாத்தான் வாசிக்கிறான். அந்த ஒப்பாரி எடத்துல மட்டும் செத்த அவசரப்படுறான்" என்றான். பிறகு கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து பாலிதீன் பையில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்துக் காட்டினான். உங்கள் மாஸ்டர். எட்டு வருஷமாக வைத்திருக்கிறான். "குடுடா, கொண்டுபோய் அவன்ட்டக் குடுக்கறேன்" என்று கை நீட்டினேன். "ஒங்க கையிலயா?" என்று சிரித்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான். "அவன் வந்து வாங்கிக்கிறட்டும்ப்பா."

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. அப்பன் என்ற முறையில் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருக்கிறது ஒன்றே ஒன்றுதான், அதையும் உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். உன்னைக் கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைக்குப் பிடித்ததில் சில உனக்கு இரைச்சலாகத் தெரியும். உடனே சரிசெய்யக் கிளம்பாதே. குமிழை எல்லாம் நடுவில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுசாகக் கேள். மூன்றாவது பாட்டு வரைக்குமாவது பொறு. அப்படியும் தப்பு செய்வாய். நீ என் மகன், உனக்கும் கை ஊறும். செய்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடு. நான் எட்டு வருஷம் தாமதித்ததற்கு விலை கொடுத்தது நான் இல்லை, பாண்டி.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். வந்து கத்து, உனக்குத்தான் கத்தத் தெரியுமே. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை பெங்களூர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு முதலில் செம்பட்டிக்குப் போ. பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக அவன் பெயரை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நானே கையை எடுத்துவிட்டேன். பத்திரிகை ஒன்றைப் பெயர் எழுதாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், பக்கத்தில் பேனாவும் இருக்கிறது.

அப்பா